ஏழாவது பட்டன்

வேலைக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாக ஆஸ்பத்திரிக் கீபோர்டைப் பிடுங்கி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். அப்புறம் கைப்பையைத் திறந்து, பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருக்கும் சொந்தக் கீபோர்டை எடுத்து மாட்டுவார். இடது ஓரத்தில் இருக்கும் டேப் விசை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அதன் மேல் விரலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பார், டாக்டர் நாடி பிடிப்பதைப் போல. "ஆபீஸ் கீபோர்ட நம்பக்கூடாது தம்பி. நாலு பேரு கை பட்டது. இது எங்கிட்ட மட்டும்தான் பேசும்" என்பார்.

எங்கள் ஆஸ்பத்திரியின் தொலைபேசி விசாரணைப் பிரிவில் எட்டு இருக்கைகள். எட்டாவது, ஜன்னலோரம், அக்காவுடையது. ஏழாவது என்னுடையது. ஜன்னலோரத்தை அவருக்குப் பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே வெயில் நேராகத் திரையில் விழும், உட்கார்ந்தவருக்குக் கண் கூசும். "எனக்கு என்ன கூசப் போகுது, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வயது நாற்பத்தாறு. இந்த வேலையில் பத்தொன்பது வருடம். நானூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன் எண்களும் நாக்கு நுனியில் இருக்கும். எந்த டாக்டர் எந்த நாளில் எந்த வார்டில் இருப்பார் என்று அந்த டாக்டருக்கே சந்தேகம் வந்தால் அக்காவைத்தான் கேட்பார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவர் காதுக்குள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாமியார். "நிஜ மாமியார் எங்கிட்ட ஒரு வார்த்த அதிர்ந்து பேசினது இல்ல. அந்தக் கொறையத் தீக்கத்தான் இவ" என்று சிரிப்பார். அது பேசுகிற வேகத்தில் நமக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. மிக்ஸி ஓடுவது போலிருக்கும். அக்காவோ ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே மறு காதில் அழைப்பவரிடம் நிதானமாகப் பேசுவார். அழுகிறவர்களிடம் கேள்வியே கேட்க மாட்டார். "மூக்க உறிஞ்சி முடிக்கட்டும். அதுக்கப்புறம் தானா வார்டு நம்பரச் சொல்லுவாங்க." அவர் சொன்னபடிதான் நடக்கும்.

கோபக்காரர். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. "பாவம்" என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டால் சொன்னவர் தொலைந்தார். வழி காட்டுகிறேன் என்று கேட்காமல் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெரிய மனிதரிடம், "சார், நான் என்ன வண்டியா? ஹேண்டில் வேணும்னா சொல்லுங்க, மாட்டிட்டு வரேன்" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னவர்.

இந்தக் கோபத்தில் பெரும்பங்கு அவருடைய சொந்தக் குடும்பத்துக்குத்தான் போகும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய அண்ணன் வீடு மாறினார். புது முகவரியை அண்ணி அழகான எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து, படமாக எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் மட்டும் "படம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. தினமும் காலையில் பத்துப் பூப்படம் வந்து விழுகிற குழு அது, இதுவும் பத்தோடு பதினொன்று என்று அக்கா நகர்ந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழங்கள் வாங்கிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். யாரோ கதவைத் திறந்தார்கள். குரலே வேறு. "நான் மாடிப்படி ஏறும்போதே வாசன மாறியிருந்துச்சு தம்பி. இருந்தாலும் அண்ணன் சொல்லாமப் போயிருப்பானான்னு ஒரு நெனப்பு" என்றார் என்னிடம். அண்ணனிடம் பேசும்போது குரல் இப்படி இல்லை. "படத்தப் போட்டுட்டு பாத்தியா பாத்தியான்னு கேக்குறியே, யாரடா கேக்குற? நாப்பது வருஷமா எங்கூட வளந்தவன்தானே நீ?" அன்றிலிருந்து அந்தக் குழுவில் சட்டம் போட்டாகிவிட்டது. படத்துக்குக் கீழே அது என்ன படம் என்று எழுத வேண்டும். அண்ணன் இப்போது அளவுக்கு மீறித் திருந்திவிட்டார். "சிவப்பு ரோஜா மூணு, பக்கத்துல டீ கப்பு, கப்புல கைப்பிடி இல்ல" என்று எழுதுகிறார்.

குடும்பத்தைத் திட்டித் திருத்திவிடலாம். முகம் தெரியாத கம்பெனியை என்ன செய்வது?

சென்ற வருடம் எங்கள் பிரிவில் இருந்த தொலைபேசிப் பெட்டிகளை எடுத்துவிட்டுப் புது மென்பொருளைப் போட்டார்கள். அழைப்பு, குறுஞ்செய்தி, வார்டுகளோடு பேசுவது எல்லாம் ஒரே திரையில். பார்க்க லட்சணமாக இருந்தது. எழுத்தே கிடையாது, எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். பச்சைத் தொலைபேசியை அழுத்தினால் எடுக்கலாம், சிவப்பை அழுத்தினால் துண்டிக்கலாம். வளைந்த அம்பு, வார்டுக்கு மாற்றிவிட. எங்கள் ஏழு பேருக்கும் அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. எட்டாவது இருக்கையில் மாமியார் முதல் முறையாகத் திணறியது. படத்துக்குப் பின்னால் எழுதி வைக்க வேண்டிய பெயரை யாரும் எழுதியிருக்கவில்லை. அது எதைத் தொட்டாலும் ஒரே சொல்லைத்தான் சொன்னது. பட்டன். பட்டன். பட்டன்.

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் இருக்கை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தன் விடுமுறை நாளில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவரை வாசலில் நிறுத்திக் கைபேசியில் ஆஸ்பத்திரிக்கு அழைக்கச் சொன்னார். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். வாசலிலிருந்து அவர், "கட் ஆயிடுச்சு", "பாட்டு கேக்குது", "ஆங், உன் குரல் வருது" என்று சொல்லச் சொல்ல, அக்கா மனப்பாடம் செய்தார். டேப் விசையை ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அடுத்த பட்டனுக்குப் போகும். ஆறு தடவை தட்டி அழுத்தினால் அழைப்பு துண்டிக்கப்படும். ஏழு தடவை தட்டினால் அழைப்பை எடுக்கலாம். பன்னிரண்டு தட்டினால் வார்டுக்கு மாற்றலாம். வலது கை விசையைத் தட்டும்போது இடது கையின் கட்டைவிரல், மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஒவ்வொன்றாக நடந்து கணக்கு வைத்துக்கொள்ளும்.

இப்படியே மூன்று மாதம் ஓட்டினார். ஒரு நாளைக்கு இருநூறு அழைப்புகள். பக்கத்து இருக்கையிலிருந்த எனக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறவில்லை. "நான் ஒரு லிஃப்ட மாட்டினா இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பட்டன் பக்கத்துலயும் புள்ளி எழுத்து இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். இல்லன்னா லிஃப்டு ஓடாது. இந்தக் கம்பெனிக்காரனுக்கு யாருங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது?" என்று, எல்லாம் வெளியே தெரிந்த பிறகு, ஒரு நாள் வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். புது மென்பொருள் வந்த வாரம், எல்லா இருக்கையிலும் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து ஒப்பமிட ஒரு தாள் வந்தது. மேலாளர் என்னிடம் நீட்டினார். எட்டுக் கட்டங்கள். எட்டிலும் டிக் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திரும்பினால் முகம் தெரிகிற தூரம். கேட்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. திரையின் மேலே, எல்லாவற்றுக்கும் முதலாவதாக, புதிதாக ஒரு மஞ்சள் முகம் முளைத்திருந்தது. அதை அழுத்தினால், "இன்று உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும். ஊழியர் நலனில் அக்கறையாம். அந்த ஒற்றை முகம் முன்னால் வந்து உட்கார்ந்ததில் மற்ற எல்லாம் ஓர் இடம் பின்னால் போய்விட்டன. ஆறாவதாக இருந்த துண்டிக்கும் பட்டன் ஏழாவதாகிவிட்டது.

அக்கா வழக்கம்போல ஏழு தட்டி அழுத்தினார். "வணக்கம், சொல்லுங்க." பதில் இல்லை. மறுபடி மணி, மறுபடி ஏழு, மறுபடி "வணக்கம், சொல்லுங்க." லைனில் கோளாறு என்று நினைத்தார். பழுது பார்க்கும் பிரிவுக்குச் சொல்லியும் அனுப்பினார். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் அரை மணி நேரத்தில் இருபத்தாறு அழைப்புகளைத் தன் கையாலேயே துண்டித்திருந்தார். ஒவ்வொருவருக்கும் வணக்கமும் சொல்லி.

காலியாக இருக்கும் இருக்கைக்குத்தான் அடுத்த அழைப்பு போகும், உடனுக்குடன் துண்டித்துக்கொண்டிருந்த எட்டாவதுதான் எப்போதும் காலி. அழைத்தவர்களில் ஒருவர் ஆறு தடவை அழைத்திருக்கிறார். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. அரிதான வகை ரத்தம். கொடுக்க ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வெளியே வண்டியில் இருந்தவர், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்கத்தான் அழைத்திருக்கிறார். இடம் தெரியாமல் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மணி நேரம் கழித்து எங்கள் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றார். "ஆறு தடவ அடிச்சேன்! ஆறு தடவையும் கட் பண்ணாங்க! மனுஷங்கதானா நீங்கல்லாம்?" ரத்தம் சேர்ந்தது, மனைவி பிழைத்தார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அக்கா எழுந்து நின்ற நிலையை நான் பார்த்தேன். தடுப்பு வரைக்கும் நடந்து போய், "நான்தாங்க கட் பண்ணேன். தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "சரி, பரவால்ல, பாவம்" என்றார். அந்தச் சொல்லை அன்றைக்கு அக்கா ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் மெமோ வந்தது. கவனக்குறைவு என்று போட்டிருந்தது. மனநிலை கேட்கும் முகத்தைக் கொண்டுவந்து வழியில் வைத்தவனுக்கு மெமோ இல்லை. எட்டாவது கட்டத்தில் பொய் டிக் போட்ட எனக்கும் மெமோ இல்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலப் பேசுவார். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன்? இத்தன வருஷம் உழைச்சாச்சு. ரெக்கார்டு ரூம் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். ஃபேன் இருக்கு. நிம்மதியா உக்காருங்க. சம்பளம் அது பாட்டுக்கு வரும்."

"உக்காந்து என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்மா."

பதினெட்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரியான நேரத்துக்கு வருவார். கீபோர்டுப் பையை மடியில் வைத்துக்கொள்வார். போகிற வருகிறவர்கள் நலம் விசாரித்தார்கள், ஒருவர் அவர் கையில் சாக்லேட் வைத்துவிட்டுப் போனார், குழந்தைக்கு வைப்பது போல. இங்கே தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அங்கே அவருடைய கட்டைவிரல் கணுக்களில் நகர்வதைத் தண்ணீர் குடிக்கப் போகிறபோது பார்ப்பேன். தம்ளரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சும்மா இருக்கவில்லை அவர். அந்த நாற்காலியிலிருந்து கைபேசியிலேயே கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர்களுடைய புகார்ப் பக்கம் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்க வேண்டும். புகாரை அனுப்புவதற்கு முன்னால், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, படங்களில் எதிலெல்லாம் பஸ் இருக்கிறது என்று பார்த்துத் தொட வேண்டும். பார்க்க முடியவில்லை என்று புகார் செய்யப் பார்த்துக் காட்ட வேண்டும்! ஒவ்வொரு முறையும் அந்த பஸ்களைத் தொட்டுக் கொடுத்தது நான். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று தொடங்கி, பிரச்சினை தெரியும்படி திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று முடிந்தது. நான் எடுத்து அனுப்பினேன். படத்தில் எல்லாப் பட்டன்களும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது. மற்ற கடிதங்கள் கிணற்றில் போட்ட கல். மொத்தம் ஒன்பது.

அந்த நாட்களில் ஒரு மதியம், அவர் பக்கத்தில் போய் நின்று, டிக் போட்டது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்."

"எப்படிக்கா?"

"பக்கத்துல உக்காந்துதானே போட்ட? பேனா சத்தம் கேட்டுச்சு. மடமடன்னு ஏழு. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒண்ணு." மடியிலிருந்த கீபோர்டுப் பையை நேராக வைத்துக்கொண்டார். "அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் உன்ன இன்னும் தம்பின்னு கூப்பிடுறேன்." அடுத்த வாரம் கம்பெனிக்காரர் நேரில் வருகிறார், மென்பொருளின் அடுத்த பதிப்பைக் காட்டப் போகிறார் என்ற செய்தியை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

கூட்ட அறையில் பிஸ்கட் வைத்திருந்தார்கள். ஏழு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் முப்பது வயதுக்குள்தான் இருப்பார், பணிவான குரல். முதல் சின்னத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அக்கா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து கணினிக்கு முன்னால் நின்றார். கேட்காமலே தன் கீபோர்டை மாட்டினார். ஒரு பென் டிரைவையும் செருகினார். மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அம்மா, அப்புறம் பேசிக்கலாமே..." என்று மேலாளர் எழுந்தார்.

"ரெண்டு நிமிஷம் சார். தம்பி, நீங்க இங்க உக்காருங்க. கண்ண மூட வேணாம். மூடினா நடிப்பு ஆயிடும். சுவத்தப் பாத்துத் திரும்பி உக்காருங்க, கீபோர்ட மடியில வச்சிக்குங்க. நான் இப்ப உங்க மென்பொருளுக்கு ஃபோன் பண்றேன். எடுத்து ஹலோன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் போயிடுறேன். உங்களுக்காக இவள மெதுவாப் பேச வச்சிருக்கேன்."

மணி அடித்தது. பொறியாளர் டேப் விசையைத் தட்டினார். ஒலிபெருக்கியில் மாமியார் அறை முழுக்கக் கேட்கும்படி, பட்டன் என்றது. பட்டன். பட்டன். பட்டன். அவர் எதையோ அழுத்தினார். மஞ்சள் முகம் வந்து, இன்று உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டது. யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அழைப்பு அடித்து ஓய்ந்தது. அக்கா மறுபடி அழைத்தார். இந்த முறை துண்டிக்கப்பட்டது. மறுபடி. மறுபடி. பொறியாளரின் காது மடல் சிவந்துவிட்டது. ஐந்தாவதும் போனபோது மேலாளர், "போதும்மா, புரிஞ்சிடுச்சு" என்றார்.

"இருங்க சார். அந்த மனுஷன் ஆறு தடவ அடிச்சாரு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

ஆறாவதும் துண்டிக்கப்பட்டது. பொறியாளர் திரும்பி உட்கார்ந்தார். "இந்தத் திரைய நான்தான் பண்ணேன் மேடம். பேரு எழுத இடம் இருக்கு. காலியா விட்டுட்டேன்."

"ஏன்?"

"யாரும் கேக்கல."

"நான் கேட்டேன். ஒன்பது லெட்டர். அத விடுங்க. எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவில்லை. "எல்லாத்துக்கும் சேத்து அரை நாள்."

"அரை நாள்" என்றார் அக்கா. இன்னொரு தடவை, மேலாளர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "அரை நாள் சார்" என்றார். கீபோர்டைப் பனியன் துணியில் சுற்றினார். பென் டிரைவையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரமே பெயர்கள் வந்துவிட்டன. அழைப்பை எடு, பட்டன். அழைப்பைத் துண்டி, பட்டன். அக்கா எட்டாவது இருக்கைக்குத் திரும்பினார். மெமோ மட்டும் திரும்பவில்லை. அதை எடுக்கும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "அது சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா, எடுக்க வழி இல்ல" என்கிறார் மேலாளர். ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இறக்கத் தெரியவில்லை. அந்தத் தாள் அவருடைய கோப்பில் இப்போதும் இருக்கிறது. இன்னொரு தவறு நேர்ந்தால் அந்த நாற்காலி தயாராக இருக்கிறது, ரெக்கார்டு ரூம் பக்கத்திலிருந்து அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் அக்கா வேலைக்கு வருகிறார்.

அதனால்தான் இப்போதெல்லாம் அரை மணி நேரம் முன்னதாக வருகிறார். கீபோர்டை மாட்டியதும் அழைப்புகள் தொடங்குமுன் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை கேட்டுவிடுவார். பெயர்தான் வந்துவிட்டதே, எண்ண வேண்டியதில்லையே என்று கேட்டேன். "பேரு அவங்க குடுத்தது. எண்ணிக்கை என்னுது" என்றார். கட்டைவிரல் கணுக்களில் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அன்று கூட்டம் முடிந்து போகும்போது பொறியாளர் தன் சொந்த எண்ணை அக்காவிடம் கொடுத்திருந்தார். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா" என்று சொல்லியிருந்தார். மரியாதைக்குச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன்.

போன திங்கட்கிழமை காலை நாங்கள் வந்தபோது திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. புதிய பதிப்பு, மகிழ்ச்சியுடன் வழங்குகிறோம் என்று எழுதியிருந்தது. ஏழு பேரும் சரி என்பதைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். அக்கா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். டேப் விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் கட்டைவிரல் கணுவிலேயே நின்றது. ஹெட்செட்டைக் கழற்றினார். ஒலிபெருக்கியைத் திருகி முழுச் சத்தத்துக்குக் கொண்டுபோனார். கைபேசியை எடுத்து ஓர் எண்ணைப் போட்டார். மறுமுனையில் தூக்கக் கலக்கத்தோடு, "சொல்லுங்கக்கா" என்று குரல் வந்தது.

அக்கா கைபேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். ஒரு பட்டன் பின்னால் போய், மறுபடி டேப் விசையைத் தட்டினார்.

"பட்டன்" என்று மட்டும் சொன்னது மாமியார்.

இன்னொரு தடவை பின்னால் போய், இன்னொரு தடவை தட்டினார்.